ஐப்பசி ஈரமும் போர்வெல் தண்ணீரும்: அறிகுறி பார்த்து, வீட்டுச் சாமானாலேயே பழுது நீக்கும் வழி

எங்கள் வீடு கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கிறது. ஓட்டு வீடு. தேக்கு நிலை, வேப்பம்பலகைக் கதவு, கொல்லையில் ஒரு போர் மோட்டார். ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொன்றாக மக்கர் பண்ண ஆரம்பிக்கும். கதவு சாத்தாது, உப்பு கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும், பீரோவைத் திறந்தால் பூசண வாடை அடிக்கும். ஆள் கூப்பிட்டால் மழை விட்டதும் வருகிறேன் என்பார்கள். அதனால் கையில் இருக்கும் சாமானை வைத்தே சரிசெய்யப் பழகிவிட்டோம்.

பல வருடம் இப்படிச் செய்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. மெழுகுவத்தியோ புளியோ எல்லாவற்றுக்கும் உதவாது. கோளாறின் காரணத்துக்குப் பொருத்தமான சாமானை எடுத்தால் வேலை முடியும். மாற்றி எடுத்தால் இருப்பதும் கெடும். டெல்டாவில் அந்தக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். காற்றில் ஈரமாக இருக்கும், போர் தண்ணீரில் சுண்ணாம்பாக இருக்கும், கடல் பக்கம் போனால் உப்பாக இருக்கும். ஆகவே சாமானைத் தேடுவதற்கு முன்னால் அறிகுறியைப் பாருங்கள். உங்கள் வீட்டில் எது தொந்தரவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

கதவு இறுகிப்போய்ச் சாத்த மாட்டேன் என்கிறது

எப்போதிலிருந்து என்று முதலில் யோசியுங்கள். கோடையில் சுளுவாகச் சாத்திய கதவு ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இறுகினால், மரம் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது. மரம் நீளவாக்கில் உப்புவது கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் உப்பும். அதனால்தான் பலகைக் கதவு உயரத்தில் மாறாமல், பூட்டுப் பக்கம் போய் நிலையை முட்டுகிறது.

வருடம் முழுக்க இறுகுகிறது, அல்லது திடீரென்று ஒரு நாள் ஆரம்பித்தது என்றால் கதவு தொங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பூட்டுப் பக்கத்துக் கீழ்மூலை தரையில் உராய்கிறதா, அதே பக்கம் மேலே இடைவெளி அகலமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் கோளாறு கீலில்.

உப்பிய கதவுக்கு ஒரு சாக்பீஸ் போதும். நிலையின் உள்விளிம்பு முழுக்கச் சாக்பீஸைத் தேயுங்கள். கதவை அழுத்திச் சாத்தித் திறங்கள். கதவின் ஓரத்தில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. பெரும்பாலும் நாம் நினைத்த இடமாக இருக்காது, ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அந்த இடத்தை ஈரம் போகத் துடைத்துவிட்டு, மெழுகுவத்தியைப் படுக்கையாகப் பிடித்து அழுத்தித் தேயுங்கள். நிலையில் அதற்கு நேரான இடத்திலும் தேயுங்கள். கதவு வழுக்கிக்கொண்டு சாத்தும். சோப்பும் வழுக்கும்தான், ஆனால் சோப்பு ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்துக்கு அது ஆகாது.

மெழுகுக்கும் மசியவில்லை என்றால் இழைப்புளியை எடுக்கலாமா? நான் ஒரு தடவை எடுக்கப் போனேன். எங்கள் தெரு ஆசாரி தடுத்துவிட்டார். “ஐப்பசியில இழைச்சா சித்திரையில அந்தச் சந்துல விரல் போகும் தம்பி. மாசிக் கடைசியில சொல்லி அனுப்புங்க” என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது அடுத்த கோடையில் தெரிந்தது. மெழுகு தேய்த்த அந்தக் கதவு பங்குனியில் தானாகவே சுருங்கி ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் செய்யவேண்டிய வேலை வேறு. கதவின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் கண்ணில் படாத இடங்கள் என்பதால் பெரும்பாலும் பெயிண்டே பார்த்திருக்காது. ஈரம் அதிகம் ஏறுவது அந்த வழியாகத்தான். கதவைக் கழற்றி, மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அங்கே இரண்டு கை வார்னிஷ் அடித்துவிட்டால் அடுத்த மழைக்குப் பாதித் தொல்லை குறையும்.

தொங்கிய கதவுக்கு மெழுகு தேய்ப்பது வீண். கீலின் ஸ்க்ரூவைத் திருகிப் பாருங்கள். இறுகாமல் சும்மா சுற்றினால் மரத்தில் ஓட்டை பெரிதாகிவிட்டது. ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். மருந்து கிள்ளிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து, ஓட்டையில் கொள்ளுமட்டும் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை உடைத்துவிடுங்கள். ஓர் இரவு காயட்டும். மறுநாள் அதே ஸ்க்ரூவை முடுக்கினால் புது மரத்தில் இறங்குவதுபோல இறங்கும். முன்கதவு கனமாக இருந்தால் தீக்குச்சிக்குப் பதில் மூங்கில் சிம்பு நல்லது. இந்த வேலை நடக்கும்போது கதவுக்கு அடியில் மடித்த சாக்கையோ பழைய செய்தித்தாளையோ செருகித் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாரம் மற்றக் கீலுக்குப் போய்விடும்.

ஸ்க்ரூவின் தலையில் காடி தேய்ந்து, திருப்புளி வழுக்கினால்: அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை ஸ்க்ரூ தலைக்கும் திருப்புளிக்கும் நடுவே வைத்து, நன்றாக அழுத்தி மெதுவாகத் திருகுங்கள். ரப்பர் அந்தத் தேய்மானத்தை நிரப்பிப் பிடி கொடுக்கும். துருவேறிப்போன ஸ்க்ரூவுக்கு இது உதவாது, அங்கே முதலில் துரு விடவேண்டும்.

பூட்டில் சாவி நுழைகிறது, திரும்பவில்லை

கை உடனே தேங்காயெண்ணெய்க்குப் போகும். வேண்டாம். எண்ணெய் ஊற்றியதும் பூட்டு திறக்கும், உண்மைதான். ஆனால் உள்ளே தங்கும் எண்ணெயில் தூசி ஒட்டிக் களிபோல் ஆகும். அதோடு தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சாமான். மார்கழி, தை விடியற்காலையில் குளியலறைச் சீசாவில் உறைந்து கிடப்பது பூட்டுக்குள்ளும் உறையும். மதியம் திறக்கும் பூட்டு காலையில் திறக்கவில்லை என்றால் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்துக்குச் சாவியை வெந்நீரில் காட்டித் துடைத்து நுழைத்தால் இளகிவிடும்.

சரியான சாமான் பென்சில். அதிலுள்ள கரி, எண்ணெய் இல்லாமலே வழுக்கும் பொருள், தூசியையும் பிடிக்காது. சாவியின் பல் எல்லாம் கறுக்கிற அளவுக்கு 2பி மாதிரி மெத்தென்ற பென்சிலால் தேய்த்து, உள்ளே விட்டு வெளியே எடுத்து, நாலைந்து தடவை செய்யுங்கள். வெளிக்கேட்டுப் பூட்டுக்கு மழை நேராகப் படும் என்பதால், பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பூட்டின் மேல் தொப்பிபோல் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள்.

உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கிறது

என் அக்காவை வேதாரண்யம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து போய் உப்பெடுத்த அதே வேதாரண்யம். வருடா வருடம் அங்கிருந்து கல்லுப்பு வரும். அந்த உப்பு எங்கள் வீட்டு ஜாடியில் கசிந்ததுபோல் பாக்கெட் தூளுப்பு கசிந்ததில்லை. உப்பில் கலப்படம் என்று அம்மா சந்தேகப்படுவார். காரணம் வேறு.

சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர் விடும். கடலுப்போடு ஒட்டிக்கொண்டு வரும் மெக்னீசியம் குளோரைடு அப்படிக் காத்திருக்காது, காற்று ஓரளவு காய்ந்திருக்கும்போதே ஈரத்தை இழுத்துக் கரையும். பாக்கெட் உப்பில் அது குறைவு, கட்டிப்படாமல் இருக்க வேறொரு பொருளும் சேர்த்திருப்பார்கள்.

இது தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும். ஜாடியின் அடியில் நிற்கிற தண்ணீரை உப்போடு சேர்த்துக் காயவைக்காதீர்கள். கசிகிற அந்தப் பொருள் பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, வடித்துக் கொட்டிவிடுங்கள். இப்படி ஒருமுறை வடிந்த உப்பு அடுத்த முறை குறைவாகவே கசியும். பிறகு மண்சட்டியில் போட்டுச் சிறுதீயில் படபடவென்று சத்தம் நிற்கும்வரை வறுத்து, ஆறவிட்டு ஜாடியில் கொட்டுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், துரு ஏறும். கொட்டுவதற்கு முன் ஜாடியின் அடியில் ஒரு கொட்டாங்கச்சியைக் கண் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால், அப்புறம் கசிந்தாலும் உப்பு தண்ணீரில் ஊறாமல் மேலே நிற்கும்.

அரிசி போடுவதும் நல்ல வழக்கம்தான், ஆனால் பலர் பச்சையாக அப்படியே போடுகிறார்கள். அரிசியே ஈரத்தோடு இருந்தால் அது எதை இழுக்கும்? வெறும் வாணலியில் பொன்னிறம் வரும்வரை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து உள்ளே வையுங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அந்த முடிச்சை மறுபடி சூடுபடுத்தினால் போதும்.

இன்னொன்று, உப்பை எவர்சில்வர் டப்பாவில் வைக்காதீர்கள். ஈர உப்பு எவர்சில்வரையும் குத்துக் குத்தாக அரித்துவிடும்.

குழாயிலும் ஷவரிலும் வெள்ளையாகப் படிகிறது, தண்ணீர் சரியாக வரவில்லை

இதைப் பொதுவாக “உப்புத் தண்ணீர்” என்றே சொல்கிறோம். ஆனால் இரண்டு விதம் உண்டு. அக்கா வீட்டுத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும், குழாயில் அவ்வளவாகப் படியாது. எங்கள் வீட்டுத் தண்ணீர் கரிக்கவே கரிக்காது, ஆனால் ஆறு மாதத்தில் ஷவரின் பாதிக் கண்ணை அடைத்துவிடும், சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஓடு கட்டும். அக்கா வீட்டில் இருப்பது சாப்பாட்டு உப்பு. எங்கள் வீட்டில் இருப்பது சுண்ணாம்பு.

எது என்று தெரிய, படிவின் மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். சிறு குமிழி வந்து நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காமல், வெறும் தண்ணீரிலேயே கரைந்துபோனால் உப்பு. உப்பென்றால் ஈரத்துணியால் துடைத்தாலே போதும், எலுமிச்சையை வீணாக்க வேண்டாம்.

சுண்ணாம்பு என்றால் புளிப்புதான் மருந்து. ஷவரைக் கழற்ற முடிந்தால் கழற்றி, வினிகர் விட்ட பாத்திரத்தில் அரைமணி நேரம் போடுங்கள். கழற்ற முடியாவிட்டால் ஒரு பாலித்தீன் பையில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி, ஷவர் அதில் மூழ்கும்படி மாட்டி, ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், பளபளப்பான முலாம் மங்கிவிடும். பிறகு ஈர்க்குச்சியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டால் பொடிப்பொடியாக வெளியே வரும். குழாயைச் சுற்றிப் படிந்ததற்குச் சாறு பிழிந்த எலுமிச்சை மூடியே போதும். மூடியைக் குழாயின் வாயில் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டால், அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

வெந்நீர்ப் பாத்திரத்தில் கட்டிய ஓட்டைக் கரண்டியால் சுரண்டாதீர்கள். நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து விட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் கொட்டினால் உரித்துக்கொண்டு வரும்.

இரண்டு எச்சரிக்கை. மார்பிள், மொசைக் தரையில் புளிப்பு எதுவும் படக்கூடாது. அந்தக் கல்லும் ஒருவகைச் சுண்ணாம்புதான், பளபளப்பு போய்விடும். அதைவிட முக்கியம்: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகரோ பாத்ரூம் ஆசிட்டோ ஊற்றவே ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பித்தளை விளக்கு கறுத்துவிட்டது, அல்லது பச்சை பூத்திருக்கிறது

எங்களுக்கு நாச்சியார்கோவில் பக்கம் என்பதால் வீட்டுக்கு நாலு குத்துவிளக்காவது இருக்கும். விளக்கில் மூன்று விதமான அழுக்கு உண்டு. மூன்றுக்கும் ஒரே புளியைப் போட்டுத் தேய்ப்பதால்தான் கை வலிக்கிறது.

தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அது பழைய எண்ணெய். புளியை எண்ணெய் கிட்டவே விடாது. முதலில் சீயக்காய்த்தூளை வெந்நீரில் குழைத்துப் பூசிக் கால்மணி நேரம் ஊறவைத்துத் தென்னை நாரால் தேயுங்கள். விறகடுப்பு இருந்தால் சாம்பலும் போதும், எண்ணெயோடு சேர்ந்து அது கொஞ்சம் சோப்பு மாதிரி ஆகும். பிசுக்கு போனபின் அடியில் தெரிகிற பழுப்பு, கறுப்புதான் காற்றுப் பட்டு வந்தது. அதற்குத்தான் புளி. புளியிலுள்ள புளிப்பு அந்தக் கறையைக் கரைக்கும், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் வேகமாகக் கரைக்கும். திரி போடுகிற குழியிலும் மரை சேருகிற இடத்திலும் பச்சை பூத்திருந்தால் விளக்கை ஈரத்தோடு எடுத்து வைத்திருக்கிறீர்கள். விளக்கைத் தனித்தனியாகக் கழற்றி, எலுமிச்சை மூடியால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துக் கழுவுங்கள்.

புளியில் ஊறவைக்கும் நேரம் முக்கியம். ஒரு கார்த்திகைக்கு முதல் நாள் நான்கு விளக்கையும் புளிக்கரைசலில் போட்டு இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் அங்கங்கே செம்பு நிறத்தில் திட்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து செம்பு மேலே தெரிகிறது. எவ்வளவு தேய்த்தும் அந்த வருடம் போகவில்லை. பட்டறையில் கொடுத்து மெருகு போட்டபிறகுதான் பழைய நிறம் வந்தது. ஆகவே பத்து நிமிடம். அதற்குள் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துணியால் துடைத்து, வெயிலில் வையுங்கள். சொட்டுச் சொட்டாகத் தானே காயவிட்டால், போர் தண்ணீரின் சுண்ணாம்பு புள்ளி புள்ளியாக நின்றுவிடும். கடைசியில் விபூதியைத் துணியில் தொட்டு ஒரு துடை. அந்த மினுமினுப்பு தைப்பொங்கல்வரை நிற்கும்.

எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டன

கல்யாணம், காதுகுத்து முடிந்த மறுநாள் எல்லா வீட்டிலும் நடப்பது. ஈரத்தோடு அடுக்கியதால் நடுவே தண்ணீர்ப் படலமும் காற்றும் சிக்கிக்கொள்கிறது. தரையில் தட்டினால் விளிம்பு நெளியும், அதன்பிறகு எந்தக் காலத்திலும் வராது. உள்டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிடம்ளர் பாதிவரை முழுகும்படி சூடான தண்ணீரில் நிறுத்துங்கள். உள்ளது சுருங்கும், வெளியில் உள்ளது விரியும். ஒரு நிமிடத்தில் பிடித்துத் திருகினால் வந்துவிடும். வரவில்லையென்றால் இடுக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி முதலிலிருந்து. கண்ணாடி டம்ளருக்குக் கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், விரிசல் விடும். கை பொறுக்கும் சூடு போதும்.

அரிசியில் வண்டு

கறுப்பு வண்டு ஓடுகிறதா, அல்லது அரிசி நூலாம்படை கட்டிக் கட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். நூல் கட்டினால் அது அந்துப்பூச்சியின் புழு. அந்த அரிசியைப் புடைத்து, கட்டி பிடித்த பகுதியை எடுத்துவிடவேண்டும்.

கறுப்பு வண்டு கதை வேறு. அது அரிசிமணிக்குள்ளேயே துளைபோட்டு முட்டையிடும். புழு அதற்குள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். இன்றைக்குச் சலித்துச் சுத்தம் செய்த அரிசியில் மூன்று வாரத்தில் மறுபடி வண்டு வருவது வெளியிலிருந்து வந்தது அன்று, உள்ளேயே இருந்தது. வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்பு எல்லாம் புது வண்டு வருவதைக் குறைக்கும். உள்ளே இருப்பதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. வேப்பிலையை நிழலில் சருகாகக் காயவைத்துத்தான் போடவேண்டும், பச்சையாகப் போட்டால் அதன் ஈரமே அரிசியைக் கெடுக்கும்.

உள்ளே இருப்பதற்குக் குளிர்தான் நல்ல வழி. நாலைந்து கிலோ என்றால் பையில் கட்டி நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், முட்டை உட்பட எல்லாம் போய்விடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அரிசி அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருங்கள், இல்லாவிட்டால் மேலே ஈரம் வேர்த்துவிடும். மூட்டைக் கணக்கில் இருந்தால் வெயில். உச்சிவெயிலில் மெல்லியதாகப் பரப்பி இரண்டு மணி நேரம் காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கக் காயப்போட்டால் அரிசி வெடித்து, சோறு குழையும். சீரகச் சம்பா மாதிரிச் சன்ன ரகத்துக்கு இன்னும் கவனம் வேண்டும்.

பலகார அலமாரிக்கு எறும்பு ஏறுகிறது

நான்கு காலுக்கும் நான்கு கொட்டாங்கச்சியில் தண்ணீர். மேலே ஒரு சொட்டு எண்ணெய் மிதக்கட்டும், சிற்றெறும்பு வெறும் தண்ணீரின் மேல் நடந்தே போய்விடும். வாரம் ஒருமுறை கொட்டி மாற்றுங்கள், டெங்கு கொசுவுக்கு அவ்வளவு தண்ணீரே போதும்.

கத்தி மழுங்கிவிட்டது

ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடி விளிம்பில் பளபளப்பில்லாத சொரசொர வளையம் இருக்கும். அதில் தண்ணீர் தொட்டு, கத்தியைச் சாய்வாகப் பிடித்து, ஒரு பக்கத்துக்குப் பத்து இழுப்பு.

குக்கரில் விசில் வரவில்லை, ஓரத்தில் ஆவி போகிறது

கேஸ்கட் தளர்ந்திருக்கும். ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் சுருங்கி, அன்றைய சமையல் முடியும். அவ்வளவுதான் அதற்கு ஆயுள். மறுநாள் புதிதாக வாங்கிவிடுங்கள். நூல் சுற்றுவது, மாவு பூசுவது, வேறு அளவு கேஸ்கட்டை இழுத்து மாட்டுவது எதுவும் வேண்டாம்.

ஓரத்தில் ஆவி போகாமல் விசிலும் வராமல் இருந்தால் உடனே அடுப்பை அணையுங்கள். ஆவிக்குழாயில் பருப்போ அரிசித்தோலோ அடைத்திருக்கலாம். முழுக்க ஆறியபின் மூடியைத் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குழாய் வழியே பாருங்கள். ஊசியால் குத்தி ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஈர்க்குச்சி உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும், இந்த இடத்துக்கு அது ஆகாது. பாதுகாப்பு வால்வு போய்விட்டால் அதற்கு வீட்டில் எந்த மாற்றும் கிடையாது. ஆணி, ஈயம், எம்சீல் எதையும் அதில் வைக்காதீர்கள்.

பீரோவில் பூசண வாடை

வாடை துணியிலிருந்தா, பீரோவிலிருந்தா? துணியை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் மூடிவைத்துத் திறந்து மோந்து பாருங்கள். பீரோவிலேயே வாடை என்றால் பெரும்பாலும் அது வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறது. நாலு விரற்கடை முன்னால் இழுத்துப் போடுங்கள். அதைச் செய்யாமல் கற்பூரமோ பூச்சி உருண்டையோ போடுவது வாடையை மூடுவதுதான்.

அதன்பிறகு அடுப்புக்கரி. ஒரு டப்பா மூடியில் ஓட்டை போட்டு, அதில் கரித்துண்டுகளை நிரப்பி, அடித்தட்டில் வைக்கலாம். மாதம் ஒருமுறை வெயிலில் காட்டினால் மறுபடி வேலை செய்யும். ஃப்ரிட்ஜ் வாடைக்குக் காப்பித் திப்பியே போதும். கும்பகோணம் பக்கத்தில் திப்பிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கருக்கென்று காயவைத்துத்தான் வைக்கவேண்டும், ஈரத் திப்பியில் இரண்டே நாளில் வெள்ளைப் பூசணம் பிடிக்கும்.

பட்டுச்சேலையைப் பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில் சுற்றுங்கள். கற்பூரமும் பூச்சி உருண்டையும் ஜரிகையில் நேராகப் படக்கூடாது.

செல்போன் தண்ணீரில் விழுந்துவிட்டது

அரிசிக்குள் புதைக்காதீர்கள். ஐபோன் செய்யும் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் அரிசி வேண்டாம் என்கிறது, துகள் உள்ளே போய்ப் போனைக் கெடுத்துவிடும். அணைத்துவிட்டு, சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். மின்விசிறிக்கு நேரே அதே வாக்கில் நிறுத்துங்கள். ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் போட வேண்டாம். விழுந்தது வாய்க்கால் சேற்றிலோ கடல் தண்ணீரிலோ என்றால் காயவைத்து மட்டும் பிரயோசனமில்லை, பழுது பார்ப்பவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

மோதிரம் விரலில் மாட்டிக்கொண்டது

விரல் நீலம் பூத்திருந்தாலோ மரத்துப்போயிருந்தாலோ வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி, அங்கே வெட்டி எடுப்பார்கள். வீக்கம் மட்டும் என்றால் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, சோப்பு போட்டுப் பாருங்கள்.

அதற்கும் வராவிட்டால் பட்டு நூல். ஒரு முழத்துக்கு மேல் நீளம் வேண்டும். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கமாக நுழைத்து விட்டுவிடுங்கள். மறுமுனையை மோதிரத்தை ஒட்டினாற்போல் ஆரம்பித்து, விரல்நுனியை நோக்கி, இடைவெளி விடாமல் நெருக்கிச் சுற்றிக்கொண்டே போய் மூட்டைத் தாண்டுங்கள். இப்போது அடியில் நுழைத்த முனையைப் பிடித்து, விரல்நுனிப் பக்கமாக இழுத்தபடி சுற்றைப் பிரியுங்கள். நூல் பிரியப் பிரிய மோதிரம் ஒவ்வொரு சுற்றாக ஏறி வெளியே வரும். கொஞ்சம் வலிக்கும், பொறுக்கக்கூடிய வலிதான்.

மின்சாரம் போய்விட்டது, எப்போது வரும் என்று தெரியாது

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அக்கா ஊரில் மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, மெழுகுவத்தி இரண்டாவது நாளே தீர்ந்துபோனது. அன்றைக்கு அவளுக்குக் கைகொடுத்தது தண்ணீர் விளக்கு. கெட்டியான கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர், மேலே ஒரு விரற்கடை சமையல் எண்ணெய். சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் காசளவு வட்டமாக வெட்டி, நடுவே ஓட்டை போட்டு, பழைய வேட்டியில் திரித்த திரியை அதில் செருகி எண்ணெயில் மிதக்கவிட வேண்டும். திரி தட்டுக்குக் கீழே அரை விரற்கடைக்கு மேல் தொங்கக்கூடாது. எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரைத் தொட்டுத் தானே அணைந்துவிடும், அதனால் தூங்கிவிட்டாலும் டம்ளர் சூடேறி வெடிக்காது. ஆனாலும் கொசுவலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

செல்போன் டார்ச் மிச்சமிருந்தால், அதை மேல்நோக்கி வைத்து, அதன்மேல் தண்ணீர் நிறைந்த பாட்டிலை நிறுத்துங்கள். ஒரே இடத்தில் குத்தும் வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். நாலு சொட்டுப் பால் விட்டுக் கலக்கினால் இன்னும் மெத்தென்று பரவும்.

தீப்பெட்டி நமத்துவிட்டால் இது எதுவும் நடக்காது. அக்கா இப்போது புரட்டாசியிலேயே ஒரு கட்டுத் தீக்குச்சியை எடுத்து, மருந்துத் தலையை உருகிய மெழுகில் ஒருமுறை தொட்டு ஆறவைக்கிறாள். உரசுகிற பட்டையையும் சேர்த்து, மூடி இறுகிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்துவிடுகிறாள். தேவைப்படும்போது நகத்தால் மெழுகைச் சுரண்டிவிட்டு உரசினால் முதல் உரசலிலேயே பற்றிக்கொள்ளும்.